சம்பந்தியம்மா மடியில் இருந்த அவரைக்காய்

அரைகுறையாகப் படித்தவனால் ஊருக்குப் பெரிய ஆபத்தில்லை. முழுசாகப் படித்து முடித்தவனாலும் இல்லை. முதுகலை ஆராய்ச்சியில் இரண்டாம் வருஷம் ஒருத்தன் இருப்பான் பாருங்கள், அவனைத்தான் கட்டுத்தரையில் மாட்டோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் விவசாய முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் கலர் கலராகப் பேனா, கழுத்தில் மாலை மாதிரி அளவு டேப், வாயைத் திறந்தால் 'டேட்டா'. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா சுட்ட தோசையைக்கூட, 'ரெண்டுக்கும் சைஸ் வித்தியாசம் இருக்குதுங்மா, நீங்க ஒரே மாதிரி ஊத்தறதில்லை' என்று விமர்சித்த ஜென்மம். (அம்மா தோசைக்கரண்டியை ஓங்கியதும் விமர்சனம் நின்றது.)

எனக்குக் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சி, செடி அவரை. பல ரகங்களை ஒன்றாக விதைத்து, மஞ்சள் தேமல் நோயை எது தாங்குகிறது, தாங்கினாலும் எது ஒழுங்காகக் காய்க்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நோய் தாங்கும் ரகம் காய்க்காது, காய்க்கிற ரகம் நோயில் போய்விடும். இரண்டும் சேர்ந்த உத்தமனைத் தேட வேண்டும். (லைப்ரரியில் கிடைத்த வெளிநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் ஃபாபா பீன் என்ற குளிர்நாட்டு மொச்சையைப் பற்றியவை. 'ஃபாபா' வருகிற இடத்தில் எல்லாம் மனசுக்குள் 'அவரை' என்று போட்டுப் படித்துத்தான் நான் ஞானம் பெற்றேன்.)

கல்லூரி வயலில் நல்ல இடங்களை எல்லாம் சீனியர்கள் வளைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது, தண்ணீரே ஏறாத ஒரு மேட்டு மூலை. உடனே நான் என் கைடிடம் பெருந்தன்மையாக, "எங்க தோட்டத்துலயே போட்டுக்கறேனுங்க சார். கோபி பக்கந்தான், வாய்க்கா தண்ணி. எங்கப்பா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க" என்றேன்.

எங்கப்பா நிறையச் சொன்னார்.

பாவம், அவர் மேல் தப்பில்லை. தோட்டம் ரோட்டோரம். போகிற வருகிறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்து, 'கவுண்டர் மஞ்சக் காட்ட எப்பிடி வெச்சிருக்காரு பாரு' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுதான் அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. அந்த ரோட்டோரத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, அவருடைய மகன் நோயை வளர்க்க ஆரம்பித்தான்.

நோய் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் நோய் வர வேண்டும் இல்லையா. அதற்காக, சில வரிசைக்கு நடுவே ஒரு வரிசை, நோய் என்றாலே பாய் விரித்து வரவேற்கிற ஒரு நோஞ்சான் ரகத்தை வேண்டுமென்றே நட வேண்டும். அது மஞ்சள் பூத்து நிற்கும். அங்கே இருந்து வெள்ளை ஈ நோயை எடுத்துப் போய் அக்கம்பக்கத்துக்கு எல்லாம் பட்டுவாடா செய்யும். எங்கள் ஊர் ஈ போதாமல் போய்விடுமோ என்ற கவலையில், நான் கோயமுத்தூரில் இருந்தே நோய்ச் செடிகளைத் தொட்டியோடு, ஈயோடு, மல்லுத் துணி போட்டு மூடி, பஸ்ஸில் எடுத்துவந்தேன்.

"உள்ளார என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"ஈங்க."

"ஈயா? எதுக்குங்க?"

"எங்க தோட்டத்துல உடறதுக்குங்க."

அவர் எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மாளை எழுப்பி, முன்னால் டிரைவருக்குப் பின்னாலே உட்கார வைத்தார்.

அப்பா தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். அப்புறம், "ஏப்பா, ஊருல அவனவன் ஈயக் கொல்லறதுக்கு மருந்துக் கடையில வரிசையில நிக்கறான். நீ பஸ்ஸுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கற" என்றார்.

"ஆராய்ச்சிங்ப்பா."

"ஆராய்ச்சி செரி. ரோட்டுல போறவனுக்கு அது தெரியுமா?"

இது போக, நான் வீட்டில் இரண்டு சட்டங்கள் போட்டேன். ஒன்று, அந்தப் பக்கம் யாரும் மருந்து அடிக்கக் கூடாது. இரண்டு, யாரும் ஒரு காய்கூடப் பறிக்கக் கூடாது. ஒவ்வொரு ரகத்தையும் மூன்று வேறு இடங்களில் பாத்தி கட்டி விதைத்திருந்தேன், ஒரு இடத்து மண்ணின் ராசியால் ஒரு ரகம் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக. பாத்திக்குப் பாத்தி கலர் குச்சி. காய் முற்றுவதற்குள் நானே பறித்து, அந்தந்தப் பாத்தியின் காயைத் தனித்தனியாக எடை போட வேண்டும். ஒரு கைப்பிடி குறைந்தாலும் அந்த ரகத்துக்குச் செய்த துரோகம். (இந்த வாக்கியத்தை நான் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். 'துரோகம்' உட்பட.)

ஆக, தோட்டத்தில் அவரை கொத்துக் கொத்தாகத் தொங்க, எங்கம்மா சந்தையில் அவரைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அவரைக்காட்டுக்காரி அவரைக்கா வாங்கறாளேன்னு சிரிக்கறாங்க சாமி."

"சிரிக்கட்டுங்மா. நாளைக்கு ரகம் ஜெயிச்சா அவிங்களே வந்து வெதை கேப்பாங்க."

இந்த லட்சணத்தில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தது.

என் அக்கா சுமதி கோபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதுவரைக்கும் வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாம், 'கல்யாணத்துக்குப் பொறகு பொண்ணு எதுக்குங்க வேலைக்கு?' என்று அன்பாக விசாரித்தார்கள். அக்காவும் அன்பாக வேண்டாம் என்றாள். ஜாதகம் பொருந்தி, வீடு பொருந்தி, இந்த ஒரு கேள்வியில் போனவை பல. கடைசியாக அந்தியூர்ப் பக்கத்தில் இருந்து ஒன்று வந்தது. பையன் கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் எஞ்சினியர். பையனுடைய அம்மாவே, 'அம்மணி வேலைக்குப் போனா நான் தடுக்க மாட்டேனுங்க, அங்க கோயமுத்தூர்லயும் பள்ளிக்கூடம் இருக்குதல்ல' என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். (எங்கள் வீட்டில் அந்த 'ம்'முக்காக சென்னிமலை முருகனுக்கு வேண்டுதலே இருந்தது.)

அவர்கள் வருகிற அன்று காலையில் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய். இன்னைக்கு நீ வாயத் தொறக்காத."

"நான் என்ன பண்ணப்போறேன்?"

"உன்ற ஈ, உன்ற குச்சி, உன்ற டேட்டா, ஒண்ணப் பத்தியும் பேசாத. இந்த எடம் போச்சுன்னா இனி இப்பிடி ஒரு மாமியா எனக்குக் கெடைக்க மாட்டாங்க. புரியுதா?"

"புரியுது, போ."

எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. சாமி சத்தியமாகப் புரிந்திருந்தது. மத்தியானம் வரைக்கும் புரிந்தே இருந்தது.

அம்பாசிடரில் வந்தார்கள். பையனுடைய அப்பா பெரிய மீசை, சின்னப் பேச்சு. பையன் தட்டில் இருந்த மிக்ஸரையே ஆராய்ந்துகொண்டிருந்தார். பையனுடைய அம்மா, நான் முறைப்படி அத்தை என்று கூப்பிட வேண்டியவர், நல்ல உயரம், மூக்குக்கண்ணாடி, அதிர்ந்து பேசாத ஆள். அக்கா காபி கொண்டுவந்ததும், "எதுக்கு நிக்கற அம்மணி, இப்பிடி வந்து உக்காரு" என்று தன் பக்கத்திலேயே இடம் போட்டார். எங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் தேன் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"சித்த தோட்டத்தப் பாத்துட்டு வந்தர்றோமுங்க" என்று எழுந்தார் அத்தை.

அப்பா முந்திக்கொண்டு, அவரைக்காட்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக மஞ்சள் காட்டுக்குக் கூட்டிப்போனார். ஆம்பளைகள் மஞ்சளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அத்தை மட்டும் மெல்லப் பின்தங்கினார். நானும் அம்மாவும் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரம்பரை, அதாவது விருந்தாக, வந்த பொம்பளைகள் தோட்டத்துக்குள் போனால் கை சும்மா இருக்காது. நடந்துகொண்டே நாலு காய் பறித்து மடியில் போட்டுக்கொள்வார்கள். அது ஆசையும் இல்லை, அவசியமும் இல்லை. அவர்கள் தோட்டத்தில் மூட்டை மூட்டையாகக் காய்த்துக் கிடக்கும். ஆனாலும் பறிப்பார்கள். கேட்டுவிட்டுப் பறித்தால் அன்னியம், கேட்காமல் பறித்தால் சொந்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அத்தை என் அவரைக்குள் நுழைந்தார். குனிந்தார். பறித்தார். முந்தானையை மடித்து அதில் போட்டார்.

என் காதுக்குப் பக்கத்தில் அம்மாவின் குரல் தழுதழுத்தது. "கை வெச்சுட்டாங்க சாமி. சம்மதந்தான்."

நான் பார்த்தது வேறு காட்சி. சிவப்புக் குச்சிப் பாத்தி. மறுநாள் காலையில் நான் பறிக்க வைத்திருந்தது. என் உத்தம ரகம், நோயும் படாமல் குலை குலையாகக் காய்த்து நின்றது. அதில் இருந்து கொஞ்சம். அங்கே இருந்து நீலக் குச்சிக்குப் போய் அதில் கொஞ்சம். மஞ்சள் குச்சியில் கொஞ்சம்.

கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அத்தை, நில்லுங்க. அப்பிடியே நில்லுங்க."

அவர் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். "ஏன் கண்ணு, பாம்பா?"

"இல்லீங்க, காயிங்க. இதெல்லாம் எந்தெந்தப் பாத்தியில பறிச்சீங்க?"

"இங்கதான் கண்ணு, அங்கொண்ணு இங்கொண்ணா."

"அங்கன்னா எதுங்க? செவப்புக் குச்சியா, நீலமா?"

"குச்சிய ஆரு கண்ணு பாத்தா?"

"செரி, பரவால்லீங்க. மடிய அவுத்து இதுல கொட்டுங்க, நான் பிரிச்சுக்கறேன்" என்று என் துண்டைத் தரையில் விரித்தேன்.

பெண் பார்க்க வந்த வீட்டுச் சம்பந்தியம்மாவிடம், மடியை அவிழ்த்துக் கொட்டச் சொன்னவன் நான். (எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.) அவரும் கொட்டினார். நான் முட்டி போட்டு உட்கார்ந்து, காயின் நிறத்தையும் வளைவையும் பார்த்து ரகம் ரகமாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலாகத் தராசில் மாட்டி எடை பார்த்தேன். அதற்குள் ஆம்பளைகளும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். பாடம் கேட்கக் கூட்டம் கிடைத்த வாத்தியாரின் சந்தோஷத்தில் நான் இன்னும் உற்சாகமானேன்.

"இந்த ரெண்டு ரகமும் பாக்க ஒரே மாதிரி இருக்குங்க அத்தை. நீங்க மொதல்ல குனிஞ்சீங்கல்ல, அப்ப வலது பக்கமா, எடது பக்கமா? கண்ண மூடி நல்லா நெனைச்சுப் பாருங்க."

பையனுடைய அப்பா அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார். "ஏனுங்க, தம்பி போலீஸ் டேசன்ல வேலை பாக்கறாருங்களா?"

எங்கப்பா கிணற்றுப் பக்கம் பார்த்தார். விழலாமா, தள்ளலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

எடை பார்த்து முடித்ததும், எனக்குள் இருந்த கொஞ்சநஞ்ச நல்லவன் விழித்துக்கொண்டான். காயை எல்லாம் துண்டோடு அள்ளி நீட்டி, "இனி நீங்க எடுத்துக்கலாங்க அத்தை. எழுதிட்டேன்" என்றேன்.

"வேண்டாமுங்க தம்பிங்க. உங்க பரீச்சைக்கு ஆகுமுங்க. நீங்களே வெச்சுக்கோங்க."

எங்கள் ஊரில் கோபம் வந்தால் சத்தம் ஏறாது. மரியாதை ஏறும். கண்ணாக இருந்தவன் தம்பியாகி, தம்பியாக இருந்தவன் தம்பிங்க ஆகி, ஒரு வாக்கியத்தில் இத்தனை 'ங்க' விழுந்தால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அவர்கள் வீட்டுக்குள் திரும்பவில்லை. இலை போட்டுச் சாப்பாடு தயாராக இருந்தது. "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று நேராகக் காருக்குப் போனார்கள். எங்கம்மா கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே போனார். அந்த அம்பாசிடர் புண்ணியவதி, ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். ஜன்னலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் மாட்டுக்குத் தீவனம் அள்ளுகிற கூடை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சிவப்புக் குச்சிப் பாத்தியில் இறங்கினாள்.

"அக்கா, அது வேண்டாம். அதுதான் நல்ல ரகம். அக்கா, அந்தப் பக்கம் நோய் வந்த வரிசை இருக்குது, அதுல எவ்வளவு வேண்ணாலும்..."

"நோய்க்காய மாமியாளுக்குக் குடுக்கச் சொல்றயா?"

இரண்டு கையாலும் உருவினாள். காய், பூ, பிஞ்சு, இலை எல்லாம் கூடைக்குப் போனது. நான் குறுக்கே விழுந்தேன்.

"ஒரு வருச உழைப்பு அக்கா. நான் மறுபடி மொதல்ல இருந்து வெதைக்கணும்."

அக்கா அந்த அவசரத்திலும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ அடுத்த வருசம் வெதைச்சுக்குவ. எனக்கு அடுத்த வருசம் இவிங்க வருவாங்களா?"

விலகிக்கொண்டேன். (உண்மையைச் சொன்னால் அவள் என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். வேலைப்பாடு செய்த அந்தப் பட்டுப் புடவையில் எப்படித் தாண்டினாள் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.)

கூடை நிறையக் காயோடு, புடவை முழுக்க மண்ணோடு, நேராகக் கார் கதவுக்குப் போனாள். அத்தை மடியில் கூடையை வைத்தாள்.

"அத்தை, கொண்டுபோங்க. எட போடலீங்க."

முன் சீட்டில் மாப்பிள்ளையின் தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் மீசைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தை கூடையைப் பார்த்தார், அக்காவின் சேற்றுக் காலைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி தராசும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எறங்குங்க எல்லாரும்" என்றார் தன் வீட்டுக்காரரைப் பார்த்து. "எல போட்டு வெச்சிருக்காங்கல்ல, சாப்புட்டுட்டே போலாம். அம்மணி, நீ போயிக் காலக் கழுவு."

சாப்பாட்டுப் பந்தியிலேயே முடிவாகிவிட்டது. நான் பரிமாறினேன். என்னைச் சாம்பார் வாளியைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. என் ஆராய்ச்சிதான் ஒரு பாத்தி குறைவாக நின்றது. கைடிடம் போய் மென்று முழுங்கினேன். கடவுள் இருக்கிறார், புள்ளியியலில் அதற்கும் ஒரு வழி இருந்தது. ஒரு பாத்தியின் கணக்கு காணாமல் போனால், மீதிப் பாத்திகளை வைத்து அதை மதிப்பிட்டுக்கொள்ள ஒரு சூத்திரம் இருக்கிறது. எனக்கு முன்னாலேயே யாருக்கோ அக்கா இருந்திருக்கிறாள்.

ஆனால் பாத்தி எப்படிப் போனது என்று காரணம் எழுத வேண்டுமே. 'பெண் பார்க்க வந்ததால்' என்று ஆய்வேட்டில் எழுத முடியுமா? 'எலிச் சேதம்' என்று எழுதினேன். யார் கவனிக்கப் போகிறார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரில் இருந்து வந்த பரீட்சகர் கவனித்தார். அவருக்கு எலி என்றால் உயிர் போலிருக்கிறது. எதிர்ப்பு ரகம், விளைச்சல் எல்லாவற்றையும் வேகமாகப் புரட்டிவிட்டு அந்தப் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அது யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்கிற தேர்வு. கடைசி வரிசையில், எனக்குத் தைரியம் சொல்ல ஸ்வீட் பாக்ஸோடு என் புது மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், உட்கார்ந்திருந்தார்.

"எலி பறிச்சதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் பரீட்சகர்.

"கண்ணால பாத்தேனுங்க சார்."

"ராத்திரியிலா?"

"பகல்லதானுங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரம்."

"ஆச்சரியமா இருக்கே. எத்தனை?"

"ரெண்டுங்க சார்." நாக்கு தன்பாட்டுக்கு ஓடியது. "ஒண்ணு பெருசு. அது வெளியூர் எலிங்க. ஒண்ணு எளசு, எங்க ஊட்டு எலி."

"துரத்தலையா?"

"தொரத்துனேனுங்க. பெருசு எடுத்ததையெல்லாம் கீழ கொட்டிருச்சு. எளசுதான் சொன்ன பேச்சு கேக்கல, பாத்தியவே காலி பண்ணிப்போட்டுது."

கடைசி வரிசையில் ஸ்வீட் பாக்ஸ் கீழே விழுந்தது.

பரீட்சகர் அந்த எலியின் நடத்தையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதும்படி என்னை ஊக்கப்படுத்தி, பாஸும் போட்டார். வெளியே வந்ததும் மாமாவைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல சொல்லிப்போடாதீங்க மாமா, உங்க கால்ல வேண்ணாலும் உழுகறேன்" என்று கெஞ்சினேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்தில் முதல் ஆளாக நின்றது அவர்தான்.

அத்தை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, ஒரு வருஷத்தில் தீர்ந்திருக்கும். இன்றைக்கும் எங்கள் வீட்டில் போன் அடித்து நான் எடுத்தால், அந்தப் பக்கத்தில் இருந்து பேர் சொல்வதில்லை.

"பெரிய எலி பேசறேன் கண்ணு. எளசு அங்க வந்திருக்குதாமா, சித்த அதுகிட்டக் குடு."